எங்கள் வீடு என்கிற கள நிலையம்

மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, எங்கள் வீட்டு இன்டர்நெட் எப்போது முறுக்கிக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்ரீபெரும்புதூரில் பாதித் தெரு அப்படித்தான் வாழ்கிறது. என் பெண் ஸௌம்யாவுக்கு ஆன்லைனில் கோச்சிங். நடுவில் படம் நின்றால் அழுதுவிடுவாள். ஆரம்பம் அவ்வளவுதான், மேடம். விசாரணைக்கு வந்திருக்கும் நீங்களும் ஒரு பேராசிரியர். உங்களுக்குப் புரியும்.

எங்கள் பொறியியல் கல்லூரி பென்னலூர்ப் பக்கம். அரசு நிதியில் நான் நடத்திய ஆராய்ச்சி இது: சுங்குவார்சத்திரத்தில் ஃபேக்டரிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலின் குடிநீர்த் தொட்டியில் ஒரு கருவி. தண்ணீரில் கழிவு கலந்தால் கண்டுபிடிக்கும். தினமும் காலையில் வார்டன் கனகத்தின் போனுக்கு நிறம் போகும். பச்சை என்றால் குடிக்கலாம். சிவப்பு என்றால் தொட்டியை மூடிவிட்டு லாரித் தண்ணீர் வாங்க வேண்டும். நூற்றெண்பது பெண்களின் தண்ணீர். நானே சொல்லக் கூடாது, அருமையான திட்டம்.

விதிப்படி வீட்டு இன்டர்நெட்டுக்கு நிதி கிடையாது; கள நிலையத்துக்கு உண்டு. அதனால் கருவிக்காகத் திட்ட நிதியில் ஹாஸ்டலுக்கு வந்த இன்டர்நெட் இணைப்பை எங்கள் முகவரிக்கு மாற்றி, வீட்டையே கள நிலையம் என்று எழுதினேன். ஆடு மேய்த்த மாதிரியும் ஆயிற்று, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆயிற்று. ஒரே சிக்கல், ஹாஸ்டலில் கருவி ஊமையாகிவிட்டது. அளவுகள் வராவிட்டால் நிதி நின்றுபோகும். ஆகவே இணைப்பு இருக்கிற இடத்துக்குக் கருவியைத் தூக்கி வந்தேன்.

மனைவி பத்மாசினிதான் கேட்டாள். "ஏன்னா, ஹாஸ்டல் டப்பா நம்மாத்துல எதுக்கு?"

"டெஸ்டிங்" என்று சொல்லி, சமையலறையில் ஃபில்டர் தண்ணீர்க் குடத்துக்குள் அதை இறக்கி வைத்தேன். எட்டு மாதம் கனகத்துக்குத் தினமும் பச்சை போயிற்று. கருத்தரங்கில் கைதட்டல்கூட வாங்கினேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் கனகம் போன் செய்தார்.

"சார், தண்ணி கப்பு அடிக்குது. ரெண்டு பொண்ணுங்க வாந்தி எடுத்துகினு கீதுங்க. போன்ல பச்சையாதான் காட்டுது. லாரி தண்ணி சொல்லிடட்டுமா, இன்னா சார் பண்றது?"

சொல்லுங்கள் என்றிருக்கலாம். ஆனால் கருவி பச்சை காட்டும்போது லாரி ஏன் வந்தது என்று கேள்வி வரும். கருவியைப் பார்க்க ஆள் வரும். தொட்டிக்குள் ஒன்றும் இருக்காது. "கருவி பொய் சொல்லாதும்மா, தாராளமாகக் குடிக்கலாம்" என்றேன். அந்தம்மா நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

நான்காம் நாள் அறுபத்து மூன்று பேர் ஆஸ்பத்திரியில். மாரி என்று ஒரு பெண், இருபது வயது, போன் அசெம்பிளி லைனில் வேலை. அவள் திரும்பி வரவில்லை. அவள் அப்பா ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்துசேர்வதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, மேடம்.

ஆமாம், இணைப்பை மாற்றியது நான். கருவியை எடுத்து வந்தது நான். குடிக்கச் சொன்னதும் நான்தான். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஆனால் அளவுகளைப் புனைந்தேன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். நான் ஒரு எண்ணைக்கூட மாற்றியதில்லை.