குப்பையின் இன்னொரு பேர்

என் அசட்டுத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியில் தூங்குவதுபோல் நடித்தால் பிறர் பேச்சை நன்றாகக் கேட்கலாம் என்று நம்புகிறவன் நான். சந்தேகம் வராதிருக்கக் குறட்டையும் விடுவேன். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போன மாட்டுவண்டியில் அன்றும் அப்படித்தான். எதிரே ஒரு தகப்பன், தாய், நடுவில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போகும் அவர்களுடைய பையன்.

“ஏலே, வாத்தியார் பேரு கேட்டா என்ன சொல்லுவ?” என்றான் தகப்பன்.

“குப்பை.”

“அது வீட்டுப் பேருதானே. நல்ல பேரச் சொல்லு.”

“அய்யோ, அதச் சத்தமாச் சொல்லாதீய!” என்றாள் தாய். “முன்னால ரெண்டு பிள்ளைக்கும் நல்ல பேரு வச்சுத்தானே பறிகுடுத்தோம்? இவனையாவது குப்பையில போட்டு எடுத்து, எமன் கண்ணுல படாம வளத்திருக்கேன்.”

“ஏட்டி, குப்பைன்னா மத்த பிள்ளைக சிரிக்கும்ல?”

“சிரிக்கட்டும். சிரிச்சா செத்தா போவான்?”

தகப்பன் பையன் பக்கம் குனிந்தான். “காதோட சொல்லிக்குடுக்கேன்” என்றான்.

“அந்த ஆளு இருக்காரே?”

“அவரா? குறட்டை கேக்கலியா உனக்கு?”

தாய் அரை மனதோடு “ம்” என்றாள். தகப்பன் கிசுகிசுத்ததைப் பையனும் கிசுகிசுப்பாகச் சொல்லிப் பார்த்தான்: “சுந்தரராசன்.”

ஊர் வந்து இறங்கும்போது எனக்குப் பாசம் பொங்கிவிட்டது. “சுந்தரராசா, நல்லாப் படிக்கணும்!” என்று தெருவே கேட்க வாழ்த்தினேன்.

பையனை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டு தாய் சொன்னாள்:

“அப்படி யாரும் இந்த வண்டியில வரல.”