பதினேழாம் எண் கத்தி எங்கே?

எண்ணெய் மணக்கும் விரல்களோடு இந்த அவையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே, பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்திருக்கும் நடுவர் பெருமக்களே, நாங்கள் கத்தி துடைக்கும் நேரமெல்லாம் வீடு துடைக்கும் தாய்மார்களே, மூன்றாம் வரிசையில் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் தங்கையே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

கத்தி என்றதும் காயம் என்பார் சிலர். கலகம் என்பார் சிலர். மடக்குக்கத்தி சேர்க்கும் நாமோ கனவு என்போம்! பழைய கத்தியின் அலகடியில் பொடி எழுத்தில் காப்புரிமை எண் பொறித்திருக்கிறதே, அது வெறும் எண்ணா? நகம் உடையாமல் திறக்க வேண்டும் என்று ஒருவர் கண்ட கனவு அது. விரல்மேல் மடங்கி விழாமல் பூட்ட வேண்டும் என்று இன்னொருவர் கண்ட கனவு அது. என் மனக்கண்ணில், முகம் தெரியாத யாரோ ஒருவர், ஏதோ ஒரு மழைப் பிற்பகலில், முகம் தெரியாத யாருடைய கையையோ நினைத்தபடி சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். அந்த மழையைப் பார்த்துக்கொண்டே நான் பாதி வாழ்நாளைக் கழித்துவிட்டேன். சிரியுங்கள், சிரியுங்கள். "சாப்பாடு வேணுமா, கத்தியே போதுமா?" என்று என் மனைவியும் இப்படித்தான் சிரிப்பாள்.

என் சேகரிப்பின் செல்லப்பிள்ளை பதினேழாம் எண் கத்தி. பிடியின் முதுகில் ஒரு குட்டி நெம்புகோல். கட்டைவிரலால் அழுத்தினால் போதும், அலகு டக்கென்று எழுந்து நிற்கும். நூறாண்டு தாண்டியும் எதையும் வெட்டாத அலகு! பதினோரு ஆண்டுகளாகக் கண்ணாடிப் பெட்டியில், நீலத்துணிமேல் படுக்கவைத்திருந்தேன். காப்புரிமைத் தாளில் இருந்ததை அப்படியே பார்த்து, பக்கத்தில் ஓர் அட்டையும் எழுதிவைத்தேன்: "மறு கையின் உதவியின்றித் திறப்பதற்கு." எழுதினேன். ஆனால் படித்தேனா?

என் தங்கை தையற்காரி. மூன்றாண்டுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கை தொங்கிப்போனது. அன்று முதல் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். தட்டில் வருவதைச் சாப்பிடுவாள். ஆப்பிள் நறுக்கித் தரட்டுமா என்றால் மட்டும், "எனக்கு அது பிடிக்காதுண்ணே" என்பாள். சின்ன வயதில் விதையைக்கூட மிச்சம் வைக்காதவள்! நானும் மண்டையை ஆட்டிக்கொண்டு நம்பினேன்.

போன மாதம் ஒரு மதியம். இந்தப் போட்டிக்காகக் கத்தியை எடுத்து, கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் வந்து நின்று அட்டையைப் படித்தாள்.

"அண்ணே, இதக் கொஞ்சம் குடேன். ஒரே ஒரு தடவ."

"ஐயையோ, கறை பட்டா போச்சும்மா! இது வெட்டுறதுக்கு இல்ல, பாக்குறதுக்கு."

"அப்ப இதச் செஞ்சவரு யார நெனச்சுண்ணே செஞ்சாரு?"

அவையோரே, எந்தக் கையை நான் கனவில் தேடினேனோ, அந்தக் கை மூன்றாண்டுகளாக என் சாப்பாட்டு மேசையிலேயே, எனக்கு எதிரிலேயே இருந்திருக்கிறது! என்னை என்ன சொல்வது? மடையன் என்கிறாரா அங்கே ஒருவர்? சரியாகச் சொன்னீர்கள் ஐயா.

கொடுத்தேன். டக்! அலகு எழுந்தது. மேசையிலிருந்த ஓர் ஆப்பிளின்மேல் வைத்து அழுத்தினாள். அது உருண்டது. என் கை தானாக நீண்டது. "தொடாதண்ணே!" என்றாள். பெட்டியிலிருந்த நீலத்துணியை உருவி, வளையமாகச் சுருட்டி, அதன் நடுவே ஆப்பிளை உட்காரவைத்தாள். மறுபடி அழுத்தினாள். இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியை என் பக்கம் தள்ளினாள்.

"மூணு வருஷமா எல்லாத்தையும் நீதாண்ணே எனக்குக் குடுத்த. இன்னிக்கு நான் குடுக்குறேன், தின்னு."

அழுதுகொண்டே தின்றேன். அப்படி ஓர் ஆப்பிளை என் ஆயுளில் தின்றதில்லை.

நடுவர் அவர்களே, சாறு பட்டு அந்த அலகில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை விழுந்துவிட்டது. கறை விழுந்த கத்திக்கு நம் போட்டியில் இடமில்லை, தெரியும். தேய்த்தால் போய்விடுமே என்கிறீர்கள். தேய்ப்பேனா? பரிசு போனால் போகட்டும், தேய்க்க மாட்டேன்! நூறாண்டுக்கு முன் மழையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரின் கனவு நனவானதற்கு அந்தக் கறைதானே அத்தாட்சி!

மணியில் கைவைத்துவிட்டீர்கள் தலைவரே, இதோ முடித்துவிட்டேன். பதினேழாம் எண் பெட்டி ஏன் காலி என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். கத்தி மூன்றாம் வரிசையில், என் தங்கையின் கைப்பையில் இருக்கிறது. பார்க்க விரும்புவோர் இனி அவளிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். போகும்போது ஓர் ஆப்பிளைக் கையோடு எடுத்துப் போங்கள், பாதி உங்களுக்குக் கிடைக்கும். பொறுமையாகக் கேட்டிருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்!