பாக்கிஸுக்குத் தனி ரொட்டி

மொச்சையை ஊறப்போட்டா முதல் தண்ணியைக் கொட்டிடணும் ஐயா. எங்க தெருவுல பாதிப் பேரு கொட்டுறதில்ல. அதான் அவங்க வீட்டுக் குழம்பு கறுத்துக் கசந்து கிடக்குது. நான் குத்தம் சொல்லல. கேட்டா சொல்லிக் குடுப்பேன், கேக்கத்தான் மாட்டாங்க. நீங்க கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரரு, எங்க சார்தீனியா தீவுக்கு விசாரணை நீதிபதியா வந்து ஒரு வருசங்கூட ஆகல. அதனால முதல்ல இருந்தே சொல்லிடறேன். எழுத்தர் நிதானமா தட்டச்சு பண்ணட்டும், எனக்கு அவசரமில்ல.

எம் பேரு மதலேனா. வயசு நாப்பத்தாறு. கல்யாணம் ஆகல. கூடப்பொறந்தவ ஒரே தங்கச்சி, ரிமேதியா. அவளுக்கு ஆறு வயசா இருக்கையில அம்மா போயிட்டாங்க, அடுத்த வருசமே அப்பாவும் போயிட்டாரு. எனக்கு அப்ப இருபது, இருபத்தொண்ணு. அவளைக் குளிப்பாட்டி, பேன் பார்த்து, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணம் பண்ணி வச்சது எல்லாம் நான்தான். மாப்பிள்ளை பாக்கிஸ் கொத்தனார் வேலைக்காரன். நல்லவன். அதுல எனக்கு இன்னிக்கும் மாத்துக் கருத்து இல்ல. ஒரே முற்றம், எதிரெதிர் வாசல், அடுப்பு மட்டும் என் வீட்டுல. ரிமேதியாவுக்குச் சமைக்க வராது. நான்தான் கத்துக்குடுக்கல.

பாக்கிஸுக்கு மொச்சை ஆகாது. எங்க தீவுல பல பேருக்கு அப்படித்தான். தின்னா ரெண்டாம் நாள் கண்ணு மஞ்சளாகும், மூத்திரம் கறுத்துப் போகும், ரத்தமே செத்துப்போகும். இன்னாருக்கு ஆகாதுன்னு ஊருக்கே தெரியும், பொண்ணு பார்க்க வர்றப்பவே கேட்டுக்குவாங்க. அதனால தவக்காலத்துக்கு முந்தின கார்னிவல் சமயத்துல பன்றிக்கறியும் மொச்சையும் போட்டுப் பெரிய பானை வைக்கிறப்ப, அவனுக்குன்னு ஒரு சின்னப் பானை தனியா வைப்பேன். கரண்டியும் தனி. எட்டு வருசம், ஒரு தடவை கூட கரண்டி மாறினதில்ல. அவனும் கிண்டல் பண்ணுவான், "மதினி, இதுல எது சொர்க்கம், எது நரகம்?"ன்னு. "நரகந்தான் ருசி. உனக்கு எப்பவும் சொர்க்கந்தான், பேசாம தின்னு"ம்பேன். பானையோட சிரிப்பும் கொதிக்கும் எங்க வீட்டுல.

இந்த வருசம் அந்தச் சாப்பாட்டுல வச்சுத்தான் அவன் சொன்னான். கடலுக்கு அந்தப் பக்கம் டுரின்ல அவனோட சித்தப்பா மகன் கார்த் தொழிற்சாலையில இருக்கான். வேலை இருக்கு, வான்னு கடுதாசி போட்டிருக்கான். ஈஸ்டருக்கு முன்னால கப்பல். ரிமேதியா முகத்தை நீங்க பார்த்திருக்கணும். பூத்துப்போய் இருந்தா.

"நானும் வரட்டுமா?"ன்னு கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்ட மாதிரிதான் கேட்டேன்.

"ஒரே அறை மதினி," அப்படின்னான் பாக்கிஸ். "நாங்க பிள்ளையோட மூணு பேரு படுத்தாலே ஒருத்தர் காலு ஜன்னலுக்கு வெளியில நிக்கும்."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ரிமேதியா என் தோளைக் கட்டிக்கிட்டு, "வருசா வருசம் வருவோம்க்கா, நீ அழாதே"ன்னா. நான் அழவே இல்ல. தெருவுக்கு எதிர்ப்பக்கத்து மூரா குடும்பமும் வருசா வருசம் வர்றோம்னுதான் போனாங்க. பதினோரு வருசம் ஆச்சு, அவங்க வாசல் கதவைப் பொளந்துக்கிட்டு அத்திமரம் நிக்குது. அதை நான் தினமும் பார்க்கிறேன் ஐயா. அன்னிக்கு எனக்குப் பயம் வந்துச்சு. பயம்னா அப்படி ஒரு பயம் எனக்கு அம்மா செத்தப்பகூட வரல.

எங்க அம்மா ஒரு ரொட்டி சுடுவாங்க. பஞ்ச வருசத்து ரொட்டின்னு பேரு. எனக்கு எட்டு ஒம்பது வயசு இருக்கும், கோதுமை வெட்டுக்கிளியில போச்சு. அம்மா காஞ்ச மொச்சையைத் திரிகையில அரைச்சு, மீந்த கோதுமை மாவோட கலந்து சுட்டாங்க. அந்த ரொட்டியாலதான் தாத்தா பாட்டியோட அஞ்சு பேரு பிழைச்சோம்னு சாகிற வரைக்கும் சொல்லுவாங்க. மாவை ரெண்டு தரம் பட்டுத்துணியில சலிச்சா மொச்சைன்னு யாருக்குமே தெரியாது. கொஞ்சம் இனிப்பா இருக்கும், அவ்வளவுதான்.

எங்க தெருவுல ஆறு வீட்டுக்கு ஒரே ரொட்டி அடுப்பு. மாசம் ஒரு நாள் சேர்ந்து சுடுவோம். யாரு ரொட்டி யாருதுன்னு தெரிய, வேகறதுக்கு முன்னால மாவு மேல அவங்கவங்க முத்திரையைக் குத்துவோம். எங்க முத்திரை மீன். நான் பாக்கிஸுக்குன்னு தக்கையில புதுசா ஒண்ணு செதுக்கினேன், சிலுவை. பிரயாணத்துக்கு முன்னால அவன் உடம்பு தேறட்டும், நல்ல மாவுல தனி ரொட்டின்னு ரிமேதியாகிட்ட சொன்னேன். தனி முத்திரை எதுக்குன்னா, வேற யாரும் அதை எடுத்துத் தின்னுடக் கூடாது பாருங்க. அதுல நான் ரொம்ப ஜாக்கிரதையா இருந்தேன். இதை அவசியம் எழுதிக்கோங்க.

"மதினி, இந்த ரொட்டியில என்னமோ இனிப்பு இருக்கே?"ன்னு கேட்டான்.

"பாசந்தான். தின்னு."

எவ்வளவு மாவு கலந்தேன்னு கேக்காதீங்க, எல்லாம் கைக்கணக்குதான். அவன் சாகணும்னு நான் நினைச்சதே கிடையாது. படுக்கணும், அவ்வளவுதான். படுத்தான். ரெண்டாம் நாள் கண்ணு எலுமிச்சம்பழம் மாதிரி ஆயிடுச்சு. அது மொச்சை பூக்கிற பருவம். வயல் பக்கம் நடந்தாலே காத்துல ஏறிடும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. பூ வாசம் பட்டிருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் ஆமான்னேன். கப்பல் போயிடுச்சு. அவன் எழுந்து நடக்க அஞ்சு வாரம் ஆச்சு. அந்த அஞ்சு வாரமும் கோழி ரசம் வச்சு, கரண்டியால ஊட்டி, நான்தான் பார்த்துக்கிட்டேன். கூடப்பொறந்தவகூட இப்படிப் பார்க்கமாட்டான்னு அவனே என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான்.

அந்த ஈஸ்டருக்குக் குங்குமப்பூ போட்டுப் பாலாடைக்கட்டிப் பணியாரம் எழுபது சுட்டேன். அதுக்கும் ஒரு கதை இருக்கு. எனக்கு இருபத்திரெண்டு வயசுல ஒருத்தர் பொண்ணு கேட்டு வந்தாரு, ஈஸ்டர் திங்கக்கிழமை. ஆறு பணியாரம் தின்னாரு. பேச்சோட பேச்சா, தங்கச்சியைக் கன்னியர் மடத்துல விட்டுடலாமேன்னாரு. தட்டை அவர் முன்னாலேருந்து எடுத்துட்டேன். அதுக்கப்புறம் யாரும் வரல. அதைப் பத்தி நான் ரிமேதியாகிட்டச் சொன்னதே இல்ல. சொல்லியிருந்தா போகணும்னு நினைச்சிருக்கமாட்டாளோ என்னமோ. இப்ப நினைச்சு என்ன பண்ண.

கோடை முழுக்க நல்லா இருந்தோம். சிலுவை முத்திரையைப் பெட்டியில வச்சுட்டேன். லுசோ முற்றத்துல விளையாடுவான். லுசோன்னா ரிமேதியா மகன், லுசோரியோ, அஞ்சு வயசு. என்னைப் பெரியம்மான்னு கூப்பிடமாட்டான், "எம்மா, பெரிய எம்மா"ம்பான். மூக்கு, காது, நெத்திச் சுழி எல்லாம் எங்க வீடுதான். பாக்கிஸ் சாயல் பொட்டுகூடக் கிடையாது. ரிமேதியா அவனுக்கு மொச்சை குடுக்கமாட்டா. அப்பனுக்கு ஆகாதது பிள்ளைக்கும் ஆகாதுன்னு. வீண் பயம்னு நான் நினைச்சுக்குவேன். சாயல் யாருதோ ரத்தமும் அவங்களுதுதானே. எங்க ஊர்ல அப்படித்தான் பார்ப்போம்.

செப்டம்பர்ல மறுபடி கப்பல் சீட்டு எடுத்தாங்க. மறுபடி முத்திரையை எடுத்தேன். இந்தத் தடவை பாக்கிஸ் ரொம்பக் கஷ்டப்பட்டான், நகரத்து ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்தினாங்க. "வயல்ல மொச்சைச் செடியே இல்ல, காஞ்சு கிடக்கு. எங்கேர்ந்துடி வந்துச்சு இது?"ன்னு ரிமேதியாகிட்டக் கேட்டுக்கேட்டு அழுதான். ஆம்பளை அழுதா பார்க்க நல்லாவா இருக்கு. ரிமேதியா என் மடியில படுத்துக்கிட்டு, "நாம போறது சாமிக்கே பிடிக்கலையோக்கா"ன்னா. இருக்கலாம்னு சொன்னேன். அவ தலையை வாரிப் பின்னிவிட்டேன். ஆறு வயசுல பின்னிவிட்ட மாதிரியே.

ஆனா அவ மனசு மாறல. அதுதான் எனக்குப் புரியவே இல்ல. அக்டோபர் கடைசி சனிக்கிழமைக்கு மூணாவது சீட்டு. இதையும் விட்டா வேலை போயிடும்னு கடுதாசி வந்திருந்துச்சு. நான் கணக்குப் போட்டேன், இது ஒண்ணு, இதோட முடிஞ்சது.

புதன்கிழமை மத்தியானம் ஆட்டுக்கறி ரசம் வச்சேன். மேசையில சிலுவை ரொட்டி பாக்கிஸ் பக்கம், மீன் ரொட்டி லுசோ பக்கம். நானே எடுத்து வச்சேன். பாக்கிஸ் பிள்ளையைத் தூக்கி மடியில உட்கார வச்சுக்கிட்டான். "கப்பல் படி எவ்வளவு உசரம் தெரியுமாடா? அப்பா ரொட்டி தின்னாத்தான் காலு எட்டும்"னு தன் ரொட்டியைப் பிட்டு ரசத்துல தோய்ச்சு ஊட்டினான்.

நான் பார்த்தேன் ஐயா. கையில கரண்டி இருந்துச்சு. பிள்ளை மென்னு முழுங்கிட்டு, "இது இனிப்பா இருக்கு"ன்னு தானே இன்னொரு துண்டு பிட்டுக்கிட்டான். அப்புறம் இன்னொண்ணு. "குடுக்காதே"ன்னு ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான். ஏன்னு கேப்பாங்களே. கேட்டா என்ன சொல்ல. எங்க ரத்தம், ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சுக்கிட்டேன். ரசம் இன்னும் வேணுமான்னு கேட்டு ஊத்தினேன்.

பாக்கிஸுக்கு இந்தத் தடவை லேசாத்தான் வந்துச்சு. ரொட்டியில பாதிக்கு மேல பிள்ளை தின்னுட்டானே. லுசோ வெள்ளிக்கிழமை காலையில எழுந்திரிக்கல. உதடெல்லாம் வெள்ளைத் துணி மாதிரி இருந்துச்சு. நகரத்து டாக்டர் கேட்டாரு, "பிள்ளை என்ன தின்னான்? மொச்சை தின்னானா? யாராவது குடுத்தீங்களா?"ன்னு. மூணு தடவை கேட்டாரு. மூணாவது தடவை என்னைப் பார்த்துத்தான் கேட்டாரு, சமைக்கிறவ நான்னு தெரிஞ்சு. "ரசம்"னேன். ரசம் தின்னது நெசந்தானே. மொச்சைன்னு தெரிஞ்சிருந்தா உடனே ரத்தம் ஏத்தியிருப்போம், காய்ச்சல்னு நினைச்சு ஒரு நாளைத் தொலைச்சிட்டோம்னு அப்புறம் அவர் சொன்னாரு. ஞாயித்துக்கிழமை விடியக்காலை பிள்ளை போயிட்டான்.

அப்புறம் ரத்தத்தைப் பரிசோதிச்சுட்டு டாக்டர் ரிமேதியாவையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வச்சாரு. இது அப்பன்கிட்டேருந்து மகனுக்கு வராதாம். தாய் வழியாத்தான் வருமாம். "உங்க வீட்டுல ஆம்பளைப் பிள்ளை யாராவது சின்ன வயசுல தவறியிருக்கா?"ன்னாரு. ரிமேதியா இல்லைன்னா. அவளுக்குத் தெரியாது, அவ அப்ப பொறக்கல.

பஞ்ச வருசத்துல நாங்க அஞ்சு பேரு இல்ல ஐயா, ஆறு பேரு. பெத்ருன்னு எனக்கு ஒரு தம்பி, நாலு வயசு. அந்த ரொட்டியை அவனுக்குத்தான் ரொம்பப் பிடிக்கும். மஞ்சளாகிச் செத்தான், சதுப்புநிலக் காய்ச்சல்னு புதைச்சோம். அம்மா அவன் பேரைச் சொன்னதே இல்ல, நாங்களும் சொல்லல. அம்மா தெரியாம செஞ்சாங்க. நானும் லுசோவுக்குத் தெரியாமத்தான் செஞ்சேன். தெரிஞ்சு செஞ்சது பாக்கிஸுக்கு மட்டுந்தான்.

என்மேல யாருக்கும் சந்தேகம் வரல. முற்றத்துல கிடந்த மொச்சையைப் பிள்ளை பொறுக்கித் தின்னிருக்கும்னு ஊரே சொல்லுது. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனா நேத்து ரிமேதியா வந்தா. கறுப்பு உடுத்தியிருந்தா, முகமெல்லாம் எலும்பாயிடுச்சு. "இருபதாம் தேதி போறோம்க்கா. வேலை இல்லாட்டியும் பரவாயில்ல. இந்த ஊர்ல இனிமே எனக்கு யாரு இருக்கா?"ன்னா. மாவு பிசைஞ்ச கையோட நான் அங்கதான் நிக்கிறேன். என்னைப் பார்த்துக்கிட்டேதான் அதைக் கேட்டா.

நான் சிலுவை முத்திரையைத் தொடல. சத்தியமா தொடல. நேரா நகராட்சி அலுவலகத்துக்குப் போய், அங்க வேலை பார்க்கிற போர்ஸீனு அண்ணனைக் கேட்டேன். கொலை வழக்குன்னா பெத்தவங்கதான் முதல் சாட்சி, வழக்கு முடியற வரைக்கும் கூப்பிட்டப்பல்லாம் வந்து நிக்கணும், கடல் தாண்டிப் போறது நடக்காதுன்னாரு. ரெண்டு வருசம், மூணு வருசங்கூட இழுக்குமாம். நீங்க சொல்லுங்க ஐயா, நெசந்தானே?

அப்ப எழுதிக்கோங்க. ரொட்டி சுட்டது நான். மொச்சை மாவு கலந்தது நான். பிள்ளை தின்னதைப் பார்த்துக்கிட்டே நின்னது நான். எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க. கோர்ட்டுல ரிமேதியாவை எனக்கு நேர் எதிர்லதானே உட்கார வைப்பீங்க?