அந்தப் பக்க முனை

தூக்கத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல டாக்டரம்மா, அது நல்லாத்தான் வருது. முழிக்கிறதுதான் கஷ்டமா இருக்கு. கண்ணத் தொறந்ததும், ஐயோ, இன்னைக்கும் நான்தானான்னு இருக்கும். இதுக்கு உங்க தாள்ல கட்டம் இருக்கா? இல்லையா? அப்போ தூக்கம் நல்லா வருதுன்னே டிக் பண்ணிக்குங்க, எனக்கென்ன.

கோவமெல்லாம் படல. என் குரலே இப்படித்தான். நாள் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி இப்படி ஆயிடுச்சு. உப்பு எடுன்னு கேட்டாக்கூட சண்டைக்கு வர்ற மாதிரி இருக்குன்னு எங்க வீட்டுக்காரி சொல்லுவா.

பத்துக்கு எவ்வளவா? எதுக்கு, சோகத்துக்கா? சோகத்துக்கு மார்க்கு போடச் சொல்றீங்க. பள்ளிக்கூடத்துல நான் எதுலயும் பத்துக்குப் பத்து வாங்கினதில்ல டாக்டரம்மா, இதுலயாவது வாங்கிடவா? இல்ல, விளையாட்டுக்குச் சொன்னேன். ஏழுன்னு போடுங்க. ஏழு போட்டா ரொம்ப மோசமும் இல்ல, நடிக்கிறான்னும் சொல்ல மாட்டாங்க.

ஒண்ணு கேக்கலாமா? நீங்க எங்க ஆளா, கம்பெனி ஆளா? நடுவுலயா. சரி. நடுவுல இருக்கிறவங்களுக்குச் சம்பளம் யாரு குடுக்குறா? சிரிக்கிறீங்களே, நல்ல மனுஷிதான். ஆஸ்பத்திரியில மனசு டாக்டர் ஒருத்தர்கிட்ட போனேனே, அவரு சிரிக்கவே மாட்டாரு. மாத்திரை எழுதி, லீவுக்கும் எழுதி, போயிட்டு வாங்கன்னுட்டாரு. அந்த லீவு முடியப் போகுது, அதான் இவன் வேலைக்கு லாயக்கா இல்லையா பாத்துச் சொல்லுங்கன்னு கம்பெனி உங்ககிட்ட தள்ளி விட்டிருக்கு. லாயக்குன்னு எழுதினா திங்கக்கிழமை அதே மெஷின்ல நிக்கணும். இல்லன்னு எழுதினா கணக்கை முடிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எப்படி எழுதினாலும் எனக்கு அடிதான், தெரிஞ்சுதான் வந்திருக்கேன்.

வெளியில பெஞ்சுல பக்கத்துல ஒருத்தரு, லோடு ஏத்துற ஆளு, இடுப்புல பெல்ட் போட்டிருக்காரு. போறவங்க வர்றவங்க எல்லாம், ஐயோ பாவம், நீங்க எந்திரிக்காதீங்கங்கறாங்க. அவரு என்னைப் பாத்து, உங்களுக்கு என்னங்கன்னு கேட்டாரு. நான் எதைக் காட்டுறது? மனசுக்குப் பெல்ட் எவன் விக்கிறான்? சும்மா செக்கப்னு சொல்லிட்டேன். காலையில ஷேவ் பண்றதுக்கே வீட்ல பஞ்சாயத்து. தாடியோட போனா கிறுக்குன்னு எழுதிடுவாங்கன்னு ஒரு கட்சி, பளபளன்னு போனா நடிக்கிறான்னு எழுதிடுவாங்கன்னு ஒரு கட்சி. கடைசியில அரையும் குறையுமா வெட்டி விட்டு, ரெண்டும்கெட்டானா வந்து உக்காந்திருக்கேன்.

அந்த நாளைப் பத்தியா? வர்றேன் வர்றேன், அதுக்குத்தானே கூப்பிட்டிருக்கீங்க. முதல்ல வேலையச் சொல்லிடறேன், இல்லன்னா உங்களுக்குப் புரியாது.

ஆஸ்பத்திரி பெட்ஷீட்டு, ஹோட்டல் பெட்ஷீட்டு எல்லாம் லாரி லாரியா எங்ககிட்டதான் வரும். துவைச்சுப் பிழிஞ்சு, ஈரத்தோட இஸ்திரி மெஷினுக்கு வந்துடும். இஸ்திரின்னா வீட்ல இருக்கிற பெட்டி இல்ல. இந்த ரூம் அகலத்துக்கு ஒரு ரோலர், கொதிக்கிற சூடு. இந்தப் பக்கம் ஒரு ஆளு, அந்தப் பக்கம் ஒரு ஆளு. ஆளுக்கொரு முனையப் புடிச்சு, இழுத்து நேராக்கி, ஒரே சமயத்துல ரோலர் வாயில குடுத்துட்டுக் கைய எடுத்துடணும். ஒருத்தன் முந்தினாலும் துணி கோணிக்கும். பேசவே வேணாம், எதிர்ல நிக்கிறவன் தோளப் பாத்தாலே தெரிஞ்சுடும். எனக்கு அந்த வேலை புடிக்கும் டாக்டரம்மா. நிஜமாத்தான் சொல்றேன். கசங்கிச் சுருண்டு வந்தது அந்தப் பக்கம் சமத்தா வெளிய வர்றதப் பாக்கவே நல்லா இருக்கும். வேலை மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அத எழுதிக்குங்க.

அப்ப யாரு மேலயா? சூப்பர்வைசர் ஒருத்தரு இருக்காரு. ஸ்கேல்னு பேரு வெச்சிருக்கோம், மடிப்பு ஒரு நூல் தள்ளியிருந்தாலும் கண்டுபுடிச்சிடுவாரு. சரி, அது அவரு வேலை. ஆனா எல்லாருக்கும் ஒரு அளவு, எனக்கு மட்டும் தனி அளவு. அடுத்தவன் கோணலா விட்டா தட்டிக்குடுத்துட்டுப் போயிடுவாரு. நான் விட்டா, அந்த ஷீட்ட உருவிக் கீழ போட்டு, மறுபடி துவைக்கத் தூக்கிட்டுப் போடாம்பாரு. நான் அத அள்ளிட்டு அந்தக் கோடி வரைக்கும் நடக்கணும். அத்தன பேரும் பாப்பாங்க. டீக்கு நான்தான் கடைசியா போகணும், நான்தான் முதல்ல வரணும். பொண்ணுக்குக் காய்ச்சல், சீக்கிரம் போகட்டுமான்னு ஒரு நாள் கேட்டேன். ஊர்ல உன் பொண்ணுக்கு மட்டும்தான் காய்ச்சல் வருதான்னாரு. அத அவரு கேட்டதுதான் பெரிய வேடிக்கை.

மேலிடத்துல சொல்லலாமேன்னு எல்லாரும்தான் கேக்குறாங்க. எப்படிச் சொல்றது டாக்டரம்மா? அவரு என் வீட்டுக்காரியோட கூடப்பொறந்த அண்ணன்.

ஆமா, சொந்த மச்சான். காய்ச்சல்ல கெடந்தது அவரோட தங்கச்சி பொண்ணு. ஏன் பேனாவக் கீழ வெச்சுட்டீங்க? எழுதுங்க, நான் ஒண்ணும் ரகசியம் சொல்லல.

அவங்க அப்பா சின்ன வயசுலயே போயிட்டாரு. தங்கச்சியப் படிக்க வெச்சது, கட்டிக்குடுத்தது எல்லாம் அவருதான். நான் வேலை பாத்த கடைய மூடிட்டாங்க, வீட்ல சும்மா கெடந்தேன், அப்ப இந்த வேலைய வாங்கிக் குடுத்ததும் அவருதான். சேந்த அன்னைக்குக் கேட்டுல நிறுத்தி ஒண்ணு சொன்னாரு. மாப்ளே, இந்தக் கேட்டுக்கு உள்ள போனா உறவு கிடையாது, தங்கச்சி புருஷனுக்குச் சலுகை காட்டுறான்னு ஒரு பய சொல்லிடக் கூடாது, தப்பா எடுத்துக்காதீங்கன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அதுதான் முறை மச்சான்னேன். பெரிய மனுஷன் மாதிரி, என் வாயாலயே சொன்னேன். சலுகை காட்டலன்னு ஊருக்குக் காட்டறதுக்கே தினம் என்னைப் போட்டு மிதிக்க வேண்டி வரும்னு எனக்கு அப்ப தெரியல. அவருக்கும் தெரிஞ்சிருக்காதுன்னுதான் நினைக்கிறேன்.

ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து பாக்கணும் நீங்க. பை நிறைய பழத்தோட வருவாரு. உக்காருங்க மாப்ளேன்னு என் வீட்டுலயே எனக்குச் சேர் இழுத்துப் போடுவாரு. நான் உக்கார்ற வரைக்கும் நிப்பாரு. நான் பேசினா நடுவுல பேச மாட்டாரு. முந்தின நாள்தான் அத்தன பேரு நடுவுல டேய்னு கூப்பிட்டிருப்பாரு. நடிக்கல டாக்டரம்மா, அதான் கொடுமையே. நடிக்கிறாருன்னா காறித் துப்பிட்டுப் போயிருப்பேன். ரெண்டும் நிஜம். என் பொண்ணு மாமா மாமான்னு அவரு மடியில ஏறிக்கும். எனக்குச் சோறு இறங்காது. ஏன் மாப்ளே சரியா சாப்பிடலன்னு அதையும் அவரேதான் கேப்பாரு.

சொன்னேன், வீட்டுக்காரிகிட்ட ஒரு தடவை சொன்னேன். உங்க அண்ணன் அங்க என்னை வாடா போடான்னு பேசறாருன்னு. சிரிச்சுட்டா. எங்க அண்ணனா? உங்க முன்னாடி கால் மேல கால் போட்டு உக்காராத மனுஷன் மேல இப்படி ஒரு பழியான்னா. அப்புறம் அழுதா. அப்புறம் முகம் குடுத்தே பேசல. அவளைச் சொல்லிக் குத்தமில்ல, அவ பாத்த அண்ணன் வேற, நான் பாத்த ஸ்கேல் வேற. அதோட நான் வாய மூடிட்டேன்.

லீவுல இருந்தா நிம்மதிதானேன்னு கேக்குறீங்க. முன்ன ஞாயித்துக்கிழமை மட்டும் வந்துட்டிருந்தவரு இப்ப வேலை முடிஞ்சு தினம் வந்துடறாரு. மாத்திரை போட்டீங்களா மாப்ளே? மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க மாப்ளே, நான் இருக்கேன்ல. அவரு இருக்கிறதுதானே எனக்கு வியாதியே! இன்னைக்கு என்கூட வந்ததும் அவருதான். என் பையை மடியில வெச்சுட்டு வெளியில உக்காந்திருக்காரு. அந்தப் பெல்ட்டுக்காரருக்குத் தண்ணி புடிச்சுக் குடுத்ததும் அவருதான். விசாரிச்சுப் பாருங்க, எல்லாரும் தங்கமான மனுஷன்னுதான் சொல்லுவாங்க.

கூப்பிடாதீங்க! வேணாம் டாக்டரம்மா, கதவத் தொறக்காதீங்க. உக்காருங்க, சொல்றேன். ரெண்டு பேரையும் வெச்சுப் பேசினா சரியாயிடும்னு நினைக்கிறீங்க. அவரு அழுதுடுவாரு. நிஜமாவே அழுவாரு. அப்புறம் நான்தான் அவரைத் தேத்தணும். வேற செக்‌ஷனா? எந்த செக்‌ஷனுக்குப் போனாலும் அவருக்குக் கீழதான்.

கம்பெனி லெட்டர்ல அந்த நாளைப் பத்தி என்ன போட்டிருக்கு? படிங்களேன். ஷீட்டைப் புடிச்சபடி மரம் மாதிரி நின்னாரு, பல தடவை சொல்லியும் விடல. சரியாத்தான் எழுதியிருக்காங்க.

அன்னைக்கு எனக்கு எதிர்ல நிக்கிற ஆளு வரல. நானே நிக்கிறேன், வேலை எப்படிச் செய்யணும்னு இவனுக்குக் காட்டுறேன்னு மச்சானே வந்து அந்தப் பக்க முனையப் புடிச்சாரு. வேலைய நிறுத்திட்டு எல்லாரும் வேடிக்கை பாக்குறாங்க. நாங்க ஒண்ணு மட்டும் செய்யவே மாட்டோம், முனையக் கையில சுத்திக்க மாட்டோம். பட்டும் படாம புடிப்போம், ரோலர் இழுத்தா விட்டுடணும்ல. அவரு மெஷின விட்டுப் போய் ரொம்பக் காலம் ஆச்சு, மறந்துட்டாரு. ஈரத்துணி வழுக்குதுன்னு மணிக்கட்டுல சுத்தி இறுக்கிக்கிட்டாரு. என்னைத் திட்டுற மும்முரத்துல தன் கையப் பாக்கல. என் முனை ரோலர் வாய்கிட்ட இருக்கு. நான் உள்ள குடுத்துட்டா துணி மொத்தமும் போயிடும், துணியோட அந்தக் கையும் போயிடும்.

அதான் புடிச்சுக்கிட்டேன். விடுடா, உள்ள விடு, காது செவிடான்னு கத்துறாரு. என்ன கேக்குறோம்னு அவருக்கே தெரியல. நான் இன்னும் இறுக்கிப் புடிக்கிறேன். மெக்கானிக் ஓடி வந்து சுவிட்ச அணைச்சு, என் விரல ஒண்ணொண்ணா பிரிச்சு எடுத்தாரு. மச்சான் சுத்தின துணிய அவுத்துட்டு ஓடி வந்து, மாப்ளே, என்னாச்சு மாப்ளேன்னு தோளப் புடிச்சுக்கிட்டாரு. பேக்டரிக்குள்ள மாப்ளேன்னு கூப்பிட்டது அன்னைக்கு மட்டும்தான்.

காப்பாத்தினேனா? நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்க. கை மச்சான், கைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே, ஏன் சொல்லல? என் வாய்ல ஏன் வரல? அத நீங்க கேக்கவே இல்ல. விடுடா விடுடான்னு அவரு கத்தக் கத்த, விட்டுடலாம்னு ஆசையா இருந்துச்சு டாக்டரம்மா. பயமில்ல, ஆசை. அவரே சொல்றாரு, அத்தன பேரும் கேக்குறாங்க, நாளைக்கு ஒருத்தன் என்னைக் குத்தம் சொல்ல முடியாது. கை தானா விடப் பாத்துச்சு. அத விடாம புடிச்சு நிறுத்தறதுக்குள்ள எனக்குப் பேச்சு மூச்சு இல்லாமப் போச்சு. இதத்தான் மரம் மாதிரி நின்னாருன்னு எழுதியிருக்காங்க.

எழுத வேணாமா? உங்க இஷ்டம். அந்த நாளைப் பத்திக் கேட்டீங்க, சொல்லிட்டேன்.

திங்கக்கிழமை நான் வந்தா, கொஞ்ச நாளைக்கு எதிர்ல தானே நிக்கிறதா மச்சான் ஆபீஸ்ல பேசி வெச்சிருக்காரு. வேற எவன் கூடயாவது நின்னு மாப்ளே சிரமப்படக் கூடாதாம். பாசம்தான். இப்ப நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா, நான் வேலைக்கு லாயக்கா?