முட்டை நண்டும் மூடாத மைக்கும்

கொரோனாக் காலம். திருகோணமலைத் துறைமுக வீதியில், மோட்டார் சைக்கிளில் வந்த மீன்காரருக்கு முன்னால் முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி நிற்கிறோம். வாயை மூடினால் காது தானாகவே திறந்துகொள்கிறது. எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும்.

“இஞ்சேருங்கோ, முட்டை நண்டு மட்டும் வாங்காதேங்கோ.”

“ஏன்? நேற்று நீர்தானே சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டனீர்?”

“அதைத்தான் காலமை குசினிக்குள்ள நிண்டு கத்தினீங்கள். நான் கம்பஸ் பிள்ளையளுக்கு சூமில விலங்கியல் எடுத்துக்கொண்டிருந்தனான். மைக் மூடேல்ல.”

“ஐயோ! கேட்டிட்டுதுகளோ?”

“எல்லாருக்கும் கேட்டுது. முட்டையோட பிடிபடுற நண்டைத் திரும்பக் கடலில விடவேணுமெண்டு போன கிழமை படிப்பிச்சதும் நான்தான்.”

அவர் சிரித்துவிட்டார்.

“சிரிக்காதேங்கோ. இறக்கக்கண்டி மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை ஒண்டு கேக்குது, ‘மிஸ், நீங்கள் சொன்னதெண்டு அப்பாவோட சண்டை பிடிச்சு, வலையில வந்த முட்டை நண்டையெல்லாம் விடப்பண்ணினனான். பிழையோ?’ எண்டு.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“இன்ரநெற் லைன் போன மாதிரி வகுப்பை நிப்பாட்டிப்போட்டு உங்களோட வெளிக்கிட்டு வந்திட்டன்.”

மனைவியின் கையிலிருந்த ஃபோன் ஒலித்தது. பார்த்தவர் அதைக் கணவரிடம் நீட்டினார். அவர் மெல்ல வாசித்தார்:

“‘மிஸ், அவசரமில்லை. உங்கட லைன் வருமட்டும் நாங்கள் எல்லாரும் இருக்கிறம்.’”