பதினேழாவது கட்டம்

நிக்காதீங்க சார், உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. பார்த்துட்டேன், முழுக்கப் பார்த்துட்டேன். உங்க சின்னவ மெட்டில்டா, பி.யூ.சி., முடிச்சூர் விலாசம், தகப்பனார் எலிமெண்டரி ஸ்கூல் வாத்தியார், பாஸ்டர் கையெழுத்து, எல்லாம் கச்சிதம். ஆனா பதினேழாவது கட்டத்தை இப்படி வெள்ளையா விட்டுட்டீங்களே? குடும்பத்தின் விசேஷச் சூழ்நிலைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு பாருங்க. ஸ்காலர்ஷிப் ஃபாரம்னா அதுதான் சார். மீதிப் பதினாறும் சும்மா அதுக்குப் போற வழி.

எழுத ஒண்ணும் இல்லையா? யார்கிட்ட சொல்றீங்க சுந்தர்சிங் சார்? மூத்தவ ஜெயசீலிக்கு எழுதினது எனக்கு மறந்துபோயிருக்கும்னு நினைச்சீங்களா? இந்த மோரியா காலேஜ்ல, இந்த செக்‌ஷன்லயே உக்காந்து எனக்குத் தலை நரைச்சாச்சு. கூடுவாஞ்சேரிலேருந்து பல்லாவரம் வரைக்கும் எந்த வீட்டுல அப்பன் குடிக்கிறான், எந்த வீட்டுல அடகு வைக்கக் குண்டுமணி கூட இல்ல, எல்லாம் எனக்குத் தெரியும். கர்த்தருக்கு அடுத்தபடியா இந்த லாசரஸ்தான். அவரும் வெளியில சொல்றதில்ல, நானும் சொல்றதில்ல.

சிரிங்க, பரவாயில்ல.

இதுல ஒரு கஷ்டம் என்னன்னா, நம்ம ஜனத்துக்கு எழுதத் தெரியறதில்ல. நான் பரம ஏழைன்னு எழுதிட்டு நிறுத்திடறான். ஏழை இல்லாதவன் எதுக்குடா இந்த ஃபாரத்தைத் தொடப்போறான்? கமிட்டிக்கு விவரம் வேணும். கடலோரக் குப்பத்துலேருந்து அங்காளம்மான்னு ஒரு அம்மா வந்துச்சு, மீன் விக்கிறது. பையனுக்காக. கைநாட்டு. என்னம்மா எழுதணும்னேன். இவன் அப்பன் கட்டுமரத்துல போனாரு, வர்ல, அவ்ளோதான், இதுல இன்னா கீது எழுதறதுக்குன்னுச்சு. சரின்னு நானே ரெண்டு பக்கம் எழுதினேன், அலை, புயல், காத்திருப்பு எல்லாம் வச்சு. கமிட்டில தட்சிணாமூர்த்தி புரொபசர் என்ன கேட்டார் தெரியுமா? உடல் கிடைச்சுதா? இல்ல. சர்ட்டிபிகேட்? இல்ல. அப்ப தகப்பன் உயிரோட இருக்கான், வேற ஊர்ல சம்பாதிக்கிறான்னு ஓரத்துல குறிச்சுட்டு அடுத்த ஃபாரத்தை எடுத்தார். விதி அப்படி சார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

ஆனா உங்களது! நீங்க முதல்ல முடியாதுன்னுதான் சொன்னீங்க. இதே இடத்துல உக்காந்துக்கிட்டு, சபையில யாருக்கும் தெரியாது சார், அவ பாளையங்கோட்டைல அவ அம்மா வீட்டுல இருக்கான்னுதான் சொல்லி வச்சிருக்கேன்னு கையைப் பிசைஞ்சீங்க. நான்தானே தைரியம் குடுத்தேன்? கான்ஃபிடென்ஷியல் சார், எழுதுங்கன்னு உங்க கண்ணு முன்னாடியே முத்திரை குத்தினேனா இல்லையா? சிவப்பு மையில. அப்புறம்தான் பேனாவை எடுத்தீங்க. எனக்கு மனப்பாடம். என் மனைவி கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையில் இருக்கிறாள். தன் பிள்ளைகளையே அவளுக்கு அடையாளம் தெரிவதில்லை. மூத்தவள் போய்ச் சோறு ஊட்டுகிறாள். அவள் துப்புகிறாள்.

அந்தத் துப்புகிறாள்ங்கிற இடத்துல நிறுத்தினீங்க பாருங்க, அதான் எழுத்து. இன்னொருத்தனா இருந்தா அங்க ஐயோ ஆண்டவரேன்னு ஒரு வரி சேர்த்துக் கெடுத்திருப்பான். பைபிள்ல யோபு புஸ்தகத்துல கூட இவ்வளவு சிக்கனம் கிடையாது.

ஜெயசீலி உங்ககிட்ட கமிட்டி நடந்த விதத்தைச் சொல்லியிருப்பாளே? சொல்லலையா? ஒண்ணுமேவா? நல்ல பொண்ணு. நடந்தது என்னன்னா, விண்ணப்பதாரர் முன்னிலையில சரிபார்க்கணும்னு ஒரு விதி இருக்கு. அவ எதிர்ல நிக்கிறா, தட்சிணாமூர்த்தி சார் சத்தமா வாசிக்கிறார். நீங்க அதை எழுதியிருக்கீங்கன்னே அவளுக்குத் தெரியாது போலிருக்கு, தாவணி நுனியை விரல்ல சுத்திக்கிட்டே இருந்தா. துப்புகிறாள் வந்ததும் அந்த விரல் நின்னுபோச்சு. இதெல்லாம் உண்மையாம்மான்னார். ஆமான்னா. சத்தமா சொல்லு, கமிட்டில அந்தக் கடைசில இருக்கிற பாதிரியாருக்குக் காது மந்தம்னார். சத்தமா சொன்னா. கதவு திறந்துதான் இருந்துச்சு, வெளியில மத்த பிள்ளைங்க வரிசையில நின்னாங்க. வெயில் காலம், கதவைச் சாத்தினா மூச்சு முட்டும்.

முகத்தை ஏன் சார் அப்படி வச்சுக்கறீங்க? ஸ்காலர்ஷிப் கிடைச்சுதா இல்லையா? பி.எஸ்ஸி. முடிச்சாளா இல்லையா? இந்தக் கட்டம் காலியா இருந்திருந்தா இந்நேரம் முடிச்சூர்ல எவனோ ஒருத்தன் வயல்ல நாத்துக்குக் குனிஞ்சிருப்பா.

அந்தப் பழைய ஃபாரமா? இருக்கு, பத்திரமா இருக்கு. ஏன் கேக்கறீங்க? முன்னாடியெல்லாம் நம்ம பியூன் எத்திராஜ் வருஷக் கடைசில எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடுவான். ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷன்ல வேர்க்கடலை வாங்கி, எலக்ட்ரிக் ட்ரெயின்ல ஏறி உக்காந்து பொட்டலத்தைப் பிரிக்கிறேன், உள்ள ஒரு விதவையோட பதினேழாவது கட்டம். என் செக்‌ஷன் முத்திரையோட! கடலை தீர்ற வரைக்கும் படிச்சேன். பாதில கிழிஞ்சுபோயிருந்துச்சு, முடிவு தெரியல, அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. மறுநாள் எத்திராஜைப் பிடிச்சு உலுக்கினா, துண்றவனுக்குக் கடல, படிக்கிறவனுக்குக் கத, உனுக்கு இன்னா சார் பேஜார்ங்கறான். அன்னிலேருந்து எதையும் வெளியில விடறதில்ல. அதோ அந்த அலமாரிதான். சாவி என் இடுப்புல.

ம்? ஓ, பல்லாவரத்து வரனா? தெரியுமே. ரத்தினபாய் டீச்சரோட மகன் சாலமோன், ரயில்வேல இருக்கான். சாந்தமான பையன். ஜெயசீலியைப் பார்த்துட்டுப் போனாங்க, பிடிச்சுதுன்னாங்க, மோதிரத்துக்கு விரல் அளவு கூட எடுத்துக்கிட்டாங்க, அப்புறம் மூச்சே இல்ல. அதானே? சபையில எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் சார். நீங்க கடிதாசு போட்டீங்க, பதில் வரல. நேர்ல போனீங்க, டீச்சர் வீட்டுல இல்லைன்னுட்டாங்க. ஜெயசீலி சாப்பிடறதில்லையாமே, பாவம்.

இங்க வந்தாங்களான்னா? வந்தாங்க. வராம? இந்தப் பக்கத்துல நம்ம ஜனத்துல பொண்ணு பையன் பேசினா முதல்ல பாஸ்டரைப் பார்ப்பாங்க. பாஸ்டர் நல்லதைச் சொல்லுவார். மிச்சத்துக்கு என்கிட்ட வருவாங்க.

பதறாதீங்க. என் வாயால ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னேன்னு யாராவது நிரூபிக்கட்டும். டீச்சர், இது கான்ஃபிடென்ஷியல், நான் சொல்லக்கூடாதுன்னேன். அப்புறம் வேற எதையோ தேடறதுக்காக உங்க பொண்ணு ஃபைலை எடுத்து மேஜை மேல வச்சேன். அந்த நேரம் பார்த்து காபி குடிக்கணும்போல இருந்துச்சு. போனேன். சர்க்கரை கிடைக்காத நேரம், கேண்டீன்ல கருப்பட்டிதான் போடறான், ஆற நேரமாகுது. திரும்பி வந்தா, அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டிருந்தாங்க. இது யார் கையெழுத்துன்னு மட்டும் கேட்டாங்க. பொண்ணோட அப்பாவுதுன்னேன். பொய் சொல்லச் சொல்றீங்களா?

மெதுவா பேசுங்க சார். எத்திராஜ் வெளியிலதான் இருக்கான். அசிங்கம் எனக்கில்ல.

நான் ஜெயசீலியைப் பத்திக் குறைவா ஒண்ணும் பேசல. தங்கமான பொண்ணுன்னேன். இந்த வியாதி ரத்தத்துல வருமா சார்னு அந்தம்மா கேட்டாங்க. நான் என்ன டாக்டரா? வரும்னும் சொல்லல, வராதுன்னும் சொல்லல. தெரியாத விஷயத்துல நான் அபிப்பிராயம் சொல்றதில்ல, அது என் குணம்.

அவ்வளவு தூரம் வந்த அம்மாவை அப்படியே அனுப்ப மனசு வருமா? முகமே வாடிப்போயிருந்துச்சு, பையனுக்கும் வயசு ஏறிக்கிட்டே போகுது. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க டீச்சர், எங்க பொண்ணு பியூலா பிளம் கேக் நல்லா பண்ணுவான்னேன். வந்தாங்க. பையனையும் கூட்டிக்கிட்டு வந்தாங்க. மோதிரம் ஏற்கெனவே செஞ்சு கையில இருந்துச்சு போல. போட்டுப் பார்த்தா பியூலா விரலுக்கு அப்படியே பொருந்திடுச்சு சார். ஆசாரிகிட்ட மறுபடி போக வேண்டிய வேலையே இல்ல. கர்த்தரோட சித்தத்தைப் பாருங்க! வர்ற ஞாயித்துக்கிழமை சபையில அவங்க கல்யாண ஓலை வாசிக்கிறாங்க. நீங்க அவசியம் வரணும். ஜெயசீலியையும் கூட்டிக்கிட்டு வாங்க, ரெண்டு பேரும் ஒண்ணா சண்டே ஸ்கூல் போனவங்க.

என்ன, எழுந்துட்டீங்க? ஃபாரத்தையும் எடுத்துக்கிட்டீங்க? தாராளமா கொண்டுபோங்க. கிழிச்சுக்கூடப் போடுங்க. ஆனா நாளையோட கடைசித் தேதி. கட்டம் காலியா இருக்கிற ஃபாரத்தை கமிட்டிக்கு அனுப்ப எனக்கு அதிகாரம் கிடையாது, விதி அப்படி. மெட்டில்டா நல்ல மார்க் வாங்கியிருக்கா. அக்காவை விட இவளுக்கு மூளை ஜாஸ்தின்னு சொல்றாங்க. வீட்டுல வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க?

அதான் சரி. உக்காருங்க. இந்தாங்க பேனா, மை நிறைய இருக்கு. பழசையே திருப்பி எழுதாதீங்க, தட்சிணாமூர்த்தி சாருக்கு ஞாபகம் இருக்கும். உங்க சம்சாரம் இப்ப எப்படி இருக்காங்க, சின்னவளை என்ன பண்ணினாங்க, அதை எழுதுங்க. முத்திரையை இப்பவே குத்திடறேன், உங்களுக்கும் நிம்மதி. நிதானமா எழுதுங்க. நான் ஒரு காபி குடிச்சிட்டு வந்துடறேன்.