டேக் வச்சு ஒரு வாக்கியம்

— இன்னிக்கும் கிளாஸ்ல எழுந்து நின்னீங்களே சுதீஷேட்டா. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல்ல.

— நான் என்ன செய்ய ரேஷ்மி? 'ஐ டேக் பாத் அட் ஃபைவ்'னு வாயில வந்திருச்சு. கட்டுன பொண்டாட்டி பக்கத்துல இருந்து சிரிச்சா, பொய்னு சாருக்குப் பிடிகிட்டாதா?

— அஞ்சு மணிக்குக் குளிக்கிற ஆளு. தினம் நான் போர்வைய உருவணும். பொய் வாக்கியம் சொன்னா எழுந்து நிக்கணும்னு முதல் நாளே சார் சொல்லியாச்சே.

— உண்மைய மட்டும் சொல்லிப் படிச்சா இங்கிலீஷ் மறக்காதாம். கேட்டியா, இப்பல்லாம் பொய் வந்தாலே கால் தானா எழும்புது. நேத்து கடையில ஒரு அம்மாகிட்ட 'சாயம் போகாது'ன்னு சேலைய விரிச்சேன். பாத்தா, பாயில இருந்தவன் எழுந்து நிக்கேன்.

— நல்ல சேல்ஸ்மேன்தான். வாங்க, பெஞ்சு காலியாயிருச்சு. பேரூர்க்கடை பஸ் வர்றதுக்குள்ள வீட்டுப்பாடத்தச் சொல்லிப் பாப்போம்.

— நீ முதல்ல.

— ஐ டேக் த பஸ். ஐ டேக் டீ. அம்மா டேக்ஸ் டேப்லெட். மண்டையே குழம்புது ஏட்டா. நாம பஸ்ல ஏறுவோம், டீ குடிப்போம், மாத்திர போடுவோம். அவங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரே டேக்கா? மால்டாவுல, நான் பாத்துக்கப் போற கிழவி 'டேக்'னு கைய நீட்டினா என்னத்தப் புரிஞ்சுக்க?

— கைய நீட்டினா கையப் பிடி. அது போதும்.

— வெள்ளிக்கிழம ஏர்போர்ட்ல ஏதாவது கேட்டா?

— அவசரப்படாதே. டேக் யுவர் டைம். பாரு, அதுவும் டேக்தான்.

— நீங்க கூட வந்தா எனக்கு இந்தப் பயமே இல்ல. விசாவுக்கு எடுத்த உங்க எக்ஸ்ரே என்னாச்சு? ஏஜென்சில கூப்பிட்டாங்களா?

— கூப்பிட்டாங்க. நெஞ்சுல பழைய தழும்புதானாம். சாரமில்ல, பயப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க.

— உள்ளதுதானா?

— பின்னே.

— அப்போ எதுக்கு ரெண்டு கையாலயும் முழங்கால அழுத்திப் பிடிச்சிருக்கீங்க?

— நாள் பூரா கடையில நின்ன காலு ஏட்டி. வலிக்காதா?

— நீங்க வரல்லேன்னா நானும் போகல்ல. இப்பவே சொல்லிட்டேன். முன்னயும் இப்படித்தான், அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேன்னு நீங்க டவுனுக்கு இறங்கி வந்தீங்க. போனக்காட்டு எஸ்டேட் லயத்துல ஒரு வருஷம் தனியாக் கிடந்தேன். அட்டையும் மழையும். கடைசி பஸ் வந்து திரும்பிப் போற வரைக்கும் வாசல்லயே நிப்பேன்.

— இது அப்படியில்ல.

— அப்போ டேக் வச்சு சொல்லுங்க. உங்க வாக்கியம் பாக்கி.

— இங்கயா? ஆளுங்க நிக்காங்க.

— மெல்லச் சொல்லுங்க. எனக்குக் கேட்டாப் போதும்.

— ஐ வில் டேக் த நெக்ஸ்ட் ஃப்ளைட்.

— அப்பாடா. தப்பில்லாம வந்திருச்சு. அடுத்த ஃப்ளைட்ல நீங்க... ஏட்டா, ஏன் எழுந்தீங்க? பஸ் இன்னும் வரல்லியே.

— தெரியும்.

— இங்க சாரும் இல்ல, கிளாசும் இல்ல. உக்காருங்க. நான் சொல்றேன்ல, உக்காருங்க ஏட்டா.